கேன்சல் என்று ஒரு வார்த்தை

எனக்குக் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். வார்டில் டாக்டர்களே என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவார்கள். ஆனால் அந்தப் புதன்கிழமை வந்தது சாதாரணக் கோபம் இல்லை. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவள், நடு வராந்தாவில் நின்று, "சவத்துமூதி!" என்று கத்திவிட்டேன். பின்னால் வந்த பிலிப்பைன்ஸ்கார சிஸ்டர் அது ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, எந்தத் தட்டில் இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டாள்.

கத்த வைத்தது புஜைராவிலிருந்து வந்த ஒரு வாய்ஸ் மெசேஜ். அனுப்பியவள் நர்சிங் காலேஜ் ஹாஸ்டலில் நாலு வருஷம் என் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள். அவள் தூத்துக்குடிக் கடற்கரை, நான் கன்னியாகுமரிக் கடற்கரை. இரண்டு பேர் அப்பாவும் கடலுக்குப் போனவர்கள், இரண்டு பேருக்கும் வாய் நீளம். எங்கள் பக்கத்தில் 'என்னுடைய' என்பதை 'எனக்க' என்போம். நான் "இது எனக்க பேனா" என்றால் போதும், அவள் உடனே, "எனக்கா? ரொம்ப தேங்க்ஸ்!" என்று பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள். அப்படி அவளிடம் போன பேனாக்கள் எத்தனையோ.

ஊசி போட்டுப் பழக எங்களுக்கு மெஸ்ஸிலிருந்து கத்திரிக்காய் கொடுப்பார்கள். நாங்கள் தண்ணீர் ஏற்றிய அதே கத்திரிக்காய் மறுநாள் குழம்பில் வரும். அவள் ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்து, "ஏட்டி, இது நான் போட்ட ஊசி. எனக்குத் தெரியும்" என்பாள். மொத்த மேசையும் தட்டைத் தள்ளிவைத்துவிடும். எல்லாருடைய பங்கையும் சேர்த்து அவளே சாப்பிடுவாள். அவள் அப்படித்தான்.

படிப்பு முடிந்ததும் அவளுக்கு எமிரேட்ஸ் விசா, எனக்கு சவுதி விசா. அவள் புஜைரா, நான் தம்மாம். பக்கத்துப் பக்கத்து நாடுதானே என்று நினைத்துக்கொண்டோம். பக்கம்தான். ஆனால் லீவு ஒத்துவர வேண்டாமா? நான் ஊருக்குப் போகும்போது அவள் டூட்டியில் இருப்பாள், அவள் போகும்போது நான் டூட்டியில் இருப்பேன். அவளுடைய கல்யாணத்தை நான் போட்டோவில்தான் பார்த்தேன். அவள் மகள் பிறந்ததையும் நடந்ததையும் பள்ளிக்கூடம் போனதையும் போனில்தான் பார்த்தேன். அந்தப் பிள்ளையை ஊரில் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வந்த அவளும் போனில்தான் பார்த்தாள் என்பது வேறு கதை.

எனக்குப் பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. கல்யாணப் பேச்சை நானே நிறுத்தியாயிற்று. அப்பா போன பிறகு அம்மா அண்ணன் வீட்டோடு போய்விட்டாள், எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. லீவுக்குப் போனால் அண்ணன் பிள்ளைகளின் அறையில் எனக்கு ஒரு பாய் விரிப்பார்கள். நல்லவர்கள்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் நாலாவது நாளே திரும்பும் டிக்கெட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உண்மையைச் சொன்னால், உரிமையோடு ஏச எனக்கென்று மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

அதனால் அவளுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தேன். எமிரேட்ஸில் நர்ஸ் வேலை பார்க்க அவர்களுடைய பரீட்சை ஒன்று எழுத வேண்டும். இரண்டு தடவை எழுதிக் கோட்டை விட்டிருந்தேன். மூன்றாவது தடவை யாரிடமும் மூச்சு விடாமல் எழுதினேன், பாஸ்! புஜைராவில் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்துவிட்டது. தம்மாமில் எக்ஸிட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். சவுதியில் ஒரேயடியாகக் கிளம்புவதற்கு எக்ஸிட் என்று பெயர். 'அவன் எக்ஸிட் அடிச்சுட்டான்' என்றால் அவன் பெட்டி கட்டிவிட்டான், இனி வரமாட்டான் என்று அர்த்தம். இதையெல்லாம் போனில் சொல்வதாக இல்லை. சொல்லும்போது அவள் முகம் போகிற போக்கை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அதற்கு நாளும் அமைந்தது. எங்களுக்கு வெள்ளி சனி ஓய்வு, அவர்களுக்குச் சனி ஞாயிறு. நான் ஞாயிறு ஒரு நாள் லீவு கேட்டு வாங்கி, சனி காலை ஷார்ஜாவுக்கு டிக்கெட் போட்டேன். துபாயில் ஒரு ராத்திரி ஹோட்டலில் தங்குவது என்று முடிவு. அது அவள் ஆசை, என் ஆசையும்தான். வளைகுடாவில் ரூம் என்று சொன்னால் நாலு கட்டில், நாலு அலாரம், குளியலறைக்கு வரிசை. கதவைச் சாத்தினால் சாத்தினபடி கிடக்கிற ஓர் அறையில், டூட்டி நினைப்பில்லாமல் விடிய விடியப் பேசிவிட்டு மத்தியானம் வரை தூங்க வேண்டும் என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்! ஹோட்டலை அவள்தான் புக் பண்ணினாள். இரண்டு மாதம் முன்பே போட்டுவிட்டு, ஜன்னலில் தண்ணீர் தெரியும் என்று படம் எல்லாம் அனுப்பினாள்.

அப்புறம் அந்தப் புதன்கிழமை இந்த மெசேஜ்.

"ஏட்டி, நான் கேன்சல் அடிச்சுட்டேன். ரெண்டு மாசமா யோசிச்சு யோசிச்சு நேத்துதான் முடிவு பண்ணேன். ஒங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும். நீ ஏசுவன்னு பயந்துட்டேன். வா, நேர்ல பேசுவோம். கோவம் மாஃபி, சரியா?"

கோபம் மாஃபியாம்! மாஃபி என்றால் அரபியில் இல்லை என்று அர்த்தம். கோபம் இல்லாமல் எங்கே போகும்? இரண்டு மாதமாக யோசித்தாளாம். ஹோட்டலைப் போட்டதே இரண்டு மாதம் முன்புதான். அப்படியென்றால் போட்ட அன்றிலிருந்தே கேன்சல் பண்ண வழி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், கஞ்சப்பிசினாறி! "நேர்ல வாரேன், வச்சுக்கிடுதேன்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. எனக்கு ஒரு பழக்கம், கோபம் வந்தால் போனை எடுக்கவே மாட்டேன்.

சனிக்கிழமை ஷார்ஜா விமான நிலையத்தில் வெளியே வந்தால், கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் குண்டாகியிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். ஏசுவதற்கு வரிசையாக அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் முதல் வார்த்தையை நான் எடுப்பதற்குள் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"கோவமாட்டி?" என்று கேட்டாள்.

"பின்ன? ஒரு வார்த்த கேட்டியா எங்கிட்ட?"

"கேட்டா நீ வேண்டாம்னுதான சொல்லுவ."

"வேண்டாம்னுதான் சொல்லுவேன். எத்தன வருசத்து ஆச!"

"எனக்கு மட்டும் ஆச இல்லயா? புள்ளய நெனச்சா மனசு கேக்க மாட்டேங்கு."

பிள்ளை என்றதும் எனக்குப் பாதி கோபம் இறங்கிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், ஏதோ செலவு வந்திருக்கும், ஹோட்டல் ஆடம்பரம் என்று பட்டிருக்கும். தாய் அல்லவா? நான்தான் ஒற்றை ஆள், எனக்கென்ன தெரியும்? அவள் தோளைத் தட்டி, பெருந்தன்மையாக, "சரி விடுட்டி. இதுக்குப் போயி அழுவாங்களா? இப்ப என்ன குடி முழுகிட்டு? அடுத்த தடவ பாத்துக்கிடலாம்" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீ இவ்வளவு லேசா எடுத்துக்கிடுவன்னு நான் நெனைக்கல்ல" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோபப்பட்டாலும் குற்றம், படாவிட்டாலும் குற்றமா? டாக்சியில் அவள் ஒரு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், நான் இன்னொரு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கேன்சல் பண்ணினவள் இவள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவளும் இவளா? ஹாஸ்டலிலும் இப்படித்தான், என் பக்கெட்டை உடைத்துவிட்டு அவள் இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். நான் போய்த்தான் சமாதானம் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொண்டேன்.

துபாய் தேராவில் ஒரு தமிழ் ஓட்டலில் மீன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மீன் வந்ததும் கொஞ்சம் இளகினாள். கடற்கரைக்காரிகளுக்கு முன்னால் மீனை வைத்துவிட்டு மௌன விரதம் நடக்காது.

"சீலா நல்லா இருக்கு" என்றாள்.

"நெய்மீன்னு சொல்லு." வஞ்சிரத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

"சீலாவ எதுக்கு நெய்மீன்னு சொல்லணும்? நெய்யிலயா பொரிக்கான்?"

பரிமாறிக்கொண்டிருந்த அண்ணன், நாகப்பட்டினத்துக்காரர், "ரெண்டும் இல்லம்மா, பில்லுல கிங்ஃபிஷ்னுதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவள் என் தட்டிலிருந்து நடுத்துண்டை எடுத்துக்கொண்டாள். வழக்கம்தான். என் ரகசியத்தை அப்போதே சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. இல்லை, முகம் இன்னும் சரியாகவில்லை, நல்ல முகமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று விழுங்கிவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு, துபாய் நடுவே ஓடும் க்ரீக் என்ற கழியில் அக்கரைக்குப் போக அப்ரா ஏறினோம். அப்ரா என்பது மரப்படகு, நடுவில் பலகை, முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். படகுக்காரர், "யல்லா, யல்லா! ஜல்தி, பாய்!" என்று எல்லாரையும் அவசரப்படுத்தி ஏற்றினார். பாய் என்றால் இந்தியில் அண்ணன், எங்களையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தார். சுற்றுலா வந்தவர்கள் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படகைப் பார்க்காமல் பிறந்து வளர்ந்தவர்கள், பாவம். இவளோ மீன்பிடி வீட்டில் பிறந்தும் தண்ணீரில் ஆட்டம் கண்டால் வாந்தி எடுக்கிற ஆள். பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இனி இந்தத் தண்ணிய எப்போ பாக்கப் போறேனோ" என்றாள் திடீரென்று.

"அடுத்த சனிக்கிழம பாரு. பஸ் ஏறுனா வந்தாச்சு."

"ஒனக்கு எல்லாமே வெளையாட்டுதான்."

"நீதான் ஓவரா பண்ணுத. கடல் கடந்து போறவ மாதிரி."

அவள் மறுபடியும் அந்தப் பார்வை பார்த்தாள். இவளுக்கு இரத்த அழுத்தம் ஏதாவது வந்திருக்குமோ என்றுகூட நினைத்தேன். நர்ஸ் புத்தி அப்படித்தான் போகும்.

அக்கரையில் கொஞ்சம் சுற்றினோம். பிள்ளைக்கு ஒரு பை வாங்கினாள். வெயிலில் நடந்து நடந்து எனக்குக் கால் கடுத்தது. "சரி, ரூமுக்குப் போவோம். மேல் கழுவணும்" என்றாள். ஹோட்டல் போயிற்று, யாராவது சொந்தக்காரர் ஃப்ளாட்டில் ஒரு மூலை பிடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் டாக்சியில் ஏறினேன். டாக்சி போய் நின்றது அவள் படம் அனுப்பிய அதே ஹோட்டல் வாசலில். கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர், வரவேற்பு மேசையில் பேரீச்சம்பழத் தட்டு.

"இங்க எதுக்குட்டி?" என்றேன்.

"செக்-இன்னுக்குதான்."

"நீதான் கேன்சல் அடிச்சுட்டியே!"

அவள் பாஸ்போர்ட்டை நீட்டின கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேசைக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கேன்சல் தெரியும். "மேடம், கேன்சல் பண்ணணுமா?" என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டாள்.

"இல்ல, இல்ல!" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள். "ரூம ஏன்ட்டி கேன்சல் அடிப்பேன்? நான் கேன்சல் அடிச்சது விசாவ."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தம்மாமில் எக்ஸிட் என்று சொல்வதை எமிரேட்ஸில் கேன்சல் என்கிறார்கள். விசா கேன்சல் என்று முழுதாகச் சொல்லக்கூட மாட்டார்கள். 'அவள் கேன்சல் அடிச்சுட்டாள்' என்றால் அவ்வளவுதான், கலாஸ், வேலை முடிந்தது, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறாள், இனி வரமாட்டாள். அங்கே இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் அங்கே இல்லை, அதுதான் என் பிழை. கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு வார்த்தை, அந்தப் பக்கம் ஒரு வார்த்தை, நடுவில் நான் மூன்று நாள் ஒரு ஹோட்டல் ரூமுக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"ஊருக்கா?" என்றேன்.

"ஊருக்குத்தான். அடுத்த மாசம் டிக்கெட்டு. அதான ஏர்போர்ட்ல அழுதேன்! நீ என்னடான்னா, அடுத்த தடவ பாத்துக்கிடலாம்ங்குத."

அந்தப் பெண் இரண்டு சாவி அட்டைகளை நீட்டிக்கொண்டே நின்றாள். நான் வாங்கவில்லை. அவள்தான் வாங்கினாள். லிஃப்டுக்குள் போய்க் கதவு மூடியதும் எனக்கு எங்கிருந்தோ பொத்துக்கொண்டு வந்தது.

"சவத்துமூதி! நான் எக்ஸிட் அடிச்சுட்டேன்ட்டி!"

அவள் முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்வேன்! எந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நாள்கணக்காக ஆசைப்பட்டேனோ அந்த முகம். அப்படியே மலர்ந்து, என் இரண்டு கையையும் பிடித்து, "மாதாவே! நீயுமா? ஊருக்கா வார?" என்று குதித்தாள். லிஃப்ட் ஆடியது. "நாம ரெண்டு பேரும் ஒண்ணா ஊருக்குப் போறோமா? எங்கிட்ட சொல்லவே இல்லயே, கள்ளி!"

"ஊருக்கு இல்லட்டி" என்றேன். "இங்க. புஜைராவுக்கு. ஒனக்க ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல. பரீட்ச பாஸ் ஆயிட்டேன்."

லிஃப்ட் கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. இரண்டு பேரும் இறங்கவில்லை. வெளியே காத்திருந்த ஒரு குடும்பம் எங்களைப் பார்த்துவிட்டு அடுத்த லிஃப்டுக்குப் போனது. அவள் கைகள் மெதுவாக என் கையை விட்டன. அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே அறைக்குப் போய், அந்த வெள்ளை வெளேர் என்ற கட்டிலில் செருப்போடு விழுந்து, வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரிப்பு நின்றபோது இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே அவள் சொன்னபடியே க்ரீக் தெரிந்தது.

"ஏன்ட்டி?" என்று கேட்டேன். "இத்தன வருசம் இருந்தாச்சு. இன்னும் ஒரு வருசம் இருக்கக்கூடாதா? நான் வந்து சேருத நேரமா பாத்து?"

"நீ வருவன்னு கண்டேனா?" அவள் எழுந்து உட்கார்ந்தாள். "புள்ளைட்ட போன்ல, அம்மா வாரேன்னு சொன்னேன். அவ கேக்கா, 'லீவுல வருதியா, இல்ல வருதியா?'ன்னு. எனக்கு அந்தக் கேள்வி வெளங்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. அவளுக்கு நான் வாரது வேற, லீவுல வாரது வேற. அன்னையில இருந்து என்னால ஒழுங்கா டூட்டி பாக்க முடியல்ல."

பிள்ளையோடு போட்டி போட முடியுமா? ஆனால் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். இவளோடு ஒரே ஊரில் இருப்பதற்காக நான் இரண்டு தடவை ஃபெயிலாகி மூன்றாவது தடவை எழுதினேன். இரண்டு மாதம் முந்தியிருந்தால் சேர்ந்து ஒரு மாதமாவது இருந்திருப்போம். இவள் அடுத்த மாதம் போகிறாள், நான் அதற்கடுத்த மாதம் வருகிறேன். இதை நினைக்க நினைக்க மறுபடியும் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"தம்மாம்ல போயி எக்ஸிட்ட திருப்பி வாங்கிக்கிடுதேன்" என்றேன். "நீ இல்லாத ஊர்ல எனக்கு என்ன சோலி?"

"கோட்டிக்காரி மாதிரி பேசாத. சம்பளம் கூட, வேலையும் நல்ல வேல. வாடகை ரூம்ல எனக்க கட்டில் காலியாதான் கெடக்கும், நீ படுத்துக்க. ஜன்னல் பக்கம்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'எனக்க' என்று அவள் வாயில் வந்துவிட்டது.

"எனக்கா? ரொம்ப தேங்க்ஸ்!" என்றேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் திருப்பிக் கொடுத்தேன். தலையணையை எடுத்து எறிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை திட்டமிட்டபடி மத்தியானம் வரை தூங்கியிருக்க வேண்டும். காலங்காத்தாலேயே இரண்டு பேரும் விழித்துவிட்டோம். டூட்டிக்கு எழுந்த உடம்பு, அதற்கு ஹோட்டலும் தெரியாது ஒன்றும் தெரியாது. கீழே போய்ச் சாப்பாட்டு வரிசையில் இட்லி இருந்ததைப் பார்த்து ஆசையாக எடுத்தோம், ஆறிக் கல்லாக இருந்தது. கத்திரிக்காயை வதக்கி வைத்திருந்தார்கள். அவள் ஒரு துண்டைக் கரண்டியில் தூக்கி உற்றுப் பார்த்தாள். "இது நான் போட்ட ஊசி இல்ல" என்று சொல்லிவிட்டுத் தட்டில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் நாங்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

சாயங்காலம் ஷார்ஜாவில் என்னை ஏற்றிவிட வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "அடுத்த தடவ பாத்துக்கிடலாம்" என்றாள், நான் சொன்னதைப் போலவே, பெருந்தன்மையாக. நான் ஏசிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

இப்போது நான் புஜைராவில்தான் இருக்கிறேன். அவள் கட்டில், அவள் ஜன்னல். ஜன்னலில் கடல் தெரியும், துறைமுகத்துக்கு முறை வராத கப்பல்கள் தூரத்தில் நிற்கும். அவளோடு இருந்த மூன்று நர்சுகளும் என்னை முதல் நாளே தெரிந்தவள் மாதிரி சேர்த்துக்கொண்டார்கள். என் கோபத்தைப் பற்றி அவள் ஏற்கெனவே எச்சரித்துவிட்டுப் போயிருந்தாளாம். அலமாரியில் அவள் விட்டுப்போன ஊறுகாய் பாட்டில் இருந்தது. அவளிடம் போன என் பேனா ஒன்றும் இருந்தது, எழுதவில்லை. வேலை பரவாயில்லை. இங்கே வந்த பிறகு நானும் கேன்சல் என்றுதான் சொல்கிறேன், எக்ஸிட் என்று சொன்னால் கதவைக் காட்டுகிறார்கள்.

அவள் தினம் கூப்பிடுவாள். ஊரில் கிளினிக் ஒன்றில் பகல் வேலை, மீனை மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்குகிறாள், பிள்ளை அவள் பேச்சைக் கேட்பதே இல்லை. இதெல்லாம் குறையாகச் சொல்வாள், குரலில் குறை இருக்காது. போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், மீன் வறுபடுகிற சத்தத்துக்கு நடுவே பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எப்ப வருவ?"

"டிசம்பருக்கு லீவு கேட்டுருக்கேன். கெடச்சா கிறிஸ்மசுக்கு நேரா ஒங்க வீட்டுக்குத்தான். சீலா வாங்கி வையி."

நான் சீலா என்று சொன்னதற்கு அவள் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"ஒனக்க லீவ யாருட்டி கேட்டா?" என்றாள். "நீ எப்ப வருவ?"

டூட்டிக்கு நேரமாகிவிட்டது, வைக்கிறேன் என்றேன். அன்றைக்கு எனக்கு ஓய்வு நாள். அது அவளுக்கும் தெரியும்.